கிளின்டன் அவென்யூ, கதவிலக்கம் 416

1958 பிப்ரவரி. நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டு ஜூலையில் ஹைபிரிட்ஜ் பூங்காவில் மைக்கேல் ஃபார்மர் என்ற 15 வயதுப் பையன் குத்திக் கொல்லப்பட்டான். போலியோவால் கால் தாங்கி நடந்தவன் அவன். குற்றவாளிக் கூண்டில் ஏழு பையன்கள். ஊர் கொதித்துக் கிடந்தது. நீதிபதிக்கே கொலை மிரட்டல் வந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒல்லியான ஓர் ஆள் எழுந்து நீதிபதியை நோக்கி நடந்தால் என்ன ஆகும்? காவலர்கள் அள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். வாசலில் நின்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், “அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுங்கள்” என்றார்கள். அவரும் தூக்கிக் காட்டினார். படம் பத்திரிகையில் வந்தது. மானம் போனதுதான் மிச்சம்.

அவர் பெயர் டேவிட் வில்கர்சன். வயது 26. பென்சில்வேனியாவில் பிலிப்ஸ்பர்க் என்ற சிற்றூரில், அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையின் போதகர். ராத்திரியில் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கம் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியை விற்றுவிட்டு அந்த நேரத்தில் ஜெபிக்க உட்கார்ந்தார். அப்படி ஓர் இரவில்தான் ‘லைஃப்’ பத்திரிகையில் அந்த ஏழு பையன்களின் விசாரணையைக் காட்டும் சித்திரத்தைப் பார்த்தார். பையன்களைப் பார்த்துப் பேச அனுமதி கேட்கத்தான் நீதிபதியிடம் போனார். வழிச்செலவுக்குச் சபையார் காணிக்கை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது?

ஆனால் மறுபடி நியூயார்க்குக்கு வந்தபோது நடந்தது வேறு. தெருமுனையில் நின்ற ஒரு கும்பல் பையன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். போலீஸ் உன்னைத் தூக்கி எறிந்தது, எங்களையும் அவர்களுக்குப் பிடிக்காது, அப்படியானால் நீ நம்ம ஆள் என்று கணக்குப் போட்டான். அந்த ஒரு கெட்ட படம்தான் புரூக்ளின் சந்துகளுக்குள் அவருக்கு நுழைவுச்சீட்டு. கோட்டும் டையுமாக, நல்ல பெயரோடு வந்திருந்தால் அந்தப் பையன்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் செயின்ட் நிக்கலஸ் அரங்கில் கூட்டம். கும்பல் கும்பலாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மாவ்மாவ் கும்பலும் ஒன்று; கென்யக் கிளர்ச்சியின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டவர்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவன் நிக்கி க்ரூஸ், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவன். வில்கர்சன் ஒரு காரியம் செய்தார்: காணிக்கை எடுக்கும் பொறுப்பை மாவ்மாவ் பையன்களிடமே கொடுத்தார். பெட்டியை நீட்டிய விதத்தில் யாரும் போடாமல் தப்ப முடியவில்லை. மேடைத் திரைக்குப் பின்னால் வெளியே போகும் வழி இருந்தது. காசோடு ஓடப்போகிறார்கள் என்று அரங்கமே சிரித்தது. அவர்களோ திரையைச் சுற்றி வந்து, பணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தார்கள். அன்று மனந்திரும்பிய நிக்கி, பின்னாளில் வேதாகமப் பள்ளியில் படித்துவிட்டு வில்கர்சனின் ஊழியத்துக்கே திரும்பி வந்தார்.

சாட்சிக் கூட்டங்களில் கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. கூட்டத்தில் கை தூக்கிய பையன் ராத்திரி எங்கே போவான்? அதே மாடிப்படி, அதே கும்பல், அதே குடிகார அப்பன். காலையில் ‘ரட்சிக்கப்பட்டேன்’ என்று சொன்னால் சாயங்காலம் அடி விழும். படுக்க ஓர் இடம் வேண்டும். தலைக்கு மேல் கூரை வேண்டும். 1960 கடைசியில் புரூக்ளினில் கிளின்டன் அவென்யூ 416ஆம் இலக்க வீடு வாங்கப்பட்டது. வில்கர்சனின் ஊழியத்துக்கு வைத்த ‘டீன் சேலஞ்ச்’ என்ற பெயருக்கு ஒரு வாசற்கதவு கிடைத்தது அப்போதுதான்.

வீடு திறந்தபின் உள்ளே வந்தது கத்தியைவிடப் பெரிய சிக்கல்: ஹெராயின். அதை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வாந்தி, காலை உதறும் வலி, தோலெல்லாம் உரித்த கோழி போலப் புல்லரிப்பு. மாற்று மருந்து கிடையாது. ஆள் மாற்றி ஆள் கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். உடம்பு தெளிந்துவிடும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நாலு தெரு தள்ளி போதைமருந்து விற்பவன் நிற்கிறானே! அதனால் 1962இல் பென்சில்வேனியாவின் ரேரர்ஸ்பர்கில் ஒரு பண்ணை. நகரத்து வீட்டில் சில மாதம், பிறகு பண்ணையில் மீதி என்று ஒரு வருஷத்துக்குக் குறையாத தங்கல். விடிந்தால் ஆராதனை, வேத வகுப்பு, பிறகு மண்ணிலும் மாட்டிலும் வேலை, பாத்திரம் கழுவும் முறை, சிகரெட்டுக்கும் தடை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சிகிச்சை அல்ல, சீஷத்துவம். நாம் சீடன் என்பதை வேதாகமத் தமிழ் சீஷன் என்கிறது. குருவின் வீட்டிலேயே தங்கி விறகு பிளந்து பாடம் கேட்ட நம் குருகுலத்துப் பையன்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றியிராது.

அமெரிக்காவுக்கும் முற்றிலும் புதிதல்ல. சிங் சிங் சிறையிலிருந்து வந்த ஆற்றுத் திருடன் ஜெரி மெக்காலி, 1872இல் நியூயார்க் வாட்டர் தெருவில் குடிகாரர்களுக்கு ஒரு மிஷன் திறந்தார். 1897இல் குடியிலிருந்து மீண்ட வில்லியம் ராஸ் நியூ ஜெர்சியில் ஆண்கள் தங்கித் திருந்த கெஸ்விக் குடியிருப்பைத் தொடங்கினார். வில்கர்சன் செய்தது, அந்தப் பழைய ஏற்பாட்டை ஹெராயின் காலத்துக்குக் கொண்டுவந்தது. 1963இல் அவர் எழுதிய ‘தி கிராஸ் அண்ட் தி ஸ்விட்ச்பிளேடு’ அதை உலகமெங்கும் எடுத்துப்போனது. 1970இல் படமாகவும் வந்தது.

புத்தகம் சொல்லாதவையும் உண்டு. நூற்றுக்கு 86 பேர் மீண்டார்கள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1970களில் நடந்த ஆய்வொன்றிலிருந்து எடுத்த கணக்கு அது. ஆனால் அது பயிற்சியை முடித்தவர்களின் கணக்கு. நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அதில் இல்லை. பரீட்சைக்கு வராதவர்களை விட்டுவிட்டுத் தேர்ச்சி விகிதம் சொல்வது போலத்தான். கூலியில்லா வேலையையும், விசுவாசம் இல்லாதவனுக்கு அங்கே இடமென்ன என்பதையும் பற்றிய கேள்விகள் இன்றும் தீரவில்லை. மீண்டவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லோரும் மீண்டார்கள் என்றால்தான் சந்தேகம்.

பதின்வயதினருக்காக வைத்த பெயருக்குள் இன்று பெரும்பாலும் வளர்ந்தவர்களே வருகிறார்கள். அமெரிக்காவில் பெயரையே ‘அடல்ட் அண்ட் டீன் சேலஞ்ச்’ என்று நீட்டிவிட்டார்கள். வில்கர்சன் 2011 ஏப்ரலில் டெக்சஸில் கார் விபத்தில் இறந்தார். நீதிமன்றத்திலிருந்து காவலர்கள் வெளியே தள்ளிய அந்த மனிதர் தொடங்கிய விடுதிகளுக்கு, சிறைக்குப் பதிலாகப் போய் இரு என்று அமெரிக்க நீதிபதிகளே இன்று ஆள் அனுப்புகிறார்கள்.