மணல் என்று ஒரு செலவு



இந்த மாதம் கொல்ஃப் மைதானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நிலையத்தில் உள்ள தம்பிமார் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் பிழையில்லை. நான் ஒருநாளும் கொல்ஃப் மட்டையைக் கையில் தொட்டவன் அல்ல. கொழும்பில் பி.கொம். படித்த காலத்தில் களனிவெளி ரயில் கொல்ஃப் மைதானத்தின் ஊடாகப் போகும். அப்போது யன்னலால் எட்டிப் பார்த்ததுதான் என் அனுபவம்.

ஆனால் இங்கிலாந்துக்கு வந்து கணக்காளராக வேலை தொடங்கியபின், ஒரு சிறிய கொல்ஃப் கழகத்தின் கணக்குகள் என் மேசைக்கு வந்தன. ஒரு வருடம் கழகத்தின் கையில் காசு மட்டு. செலவுப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். 'மணல்' என்று ஒரு வரி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லொறியில் வந்து இறங்குகிற மணல். புல் வளர்க்கிற இடத்தில் மணலுக்கு என்ன வேலை? இரண்டு வருடத்துக்கு நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன். குழுவும் ஏற்றுக்கொண்டது. மைதானத்தைப் பராமரிக்கும் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டாவது மாரி முடிய அவரே என்னைக் கூப்பிட்டார். குழியைச் சுற்றி மட்டமாக வெட்டியிருக்கும் புற்தரையைக் 'கிரீன்' என்பார்கள். அதில் கால் வைத்தால் தண்ணீர் கசிந்தது. பாசி பிடித்திருந்தது. அவர் கத்தியால் ஒரு துண்டை வெட்டி எடுத்து என் கையில் தந்தார். புல்லின் கீழே ஒரு விரல் தடிப்பில், செத்த வேரும் தண்டும் சேர்ந்து, நனைந்த தும்புக் கால்மிதி போல ஒரு படை. இதைக் கரைத்து, நீரைக் கீழே இறக்கி, வேருக்குக் காற்றுக் கொடுப்பதற்குத்தான் மணல் என்றார். பிறகு, "டொம் மொறிஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அன்றிரவு தொடங்கிய வாசிப்புத்தான் இன்றைய உரை.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் சென்ட் அன்ட்ரூஸ் என்று ஒரு சிறிய பட்டினம். அங்கே கடலுக்கும் ஊருக்கும் இடையில் உள்ள மணற்பாங்கான புல்வெளியில் பல நூற்றாண்டுகளாகக் கொல்ஃப் ஆடி வருகிறார்கள். முதலில் அதற்குப் பராமரிப்பு என்று ஒன்று இருக்கவில்லை. புல்லை வெட்டியவை ஆடுகளும் முயல்களும். உரம் போட்டவையும் அவைதான்.

முயல் என்றதும் ஒரு கணக்குவழக்குக் கதை சொல்ல வேண்டும். 1797இல் ஊராட்சி கடனில் மூழ்கி அந்த நிலத்தைக் கைவிட்டது. வாங்கியவர்கள் அதை முயல் வளர்ப்புக்கு விட்டார்கள். முயலின் தோலுக்கும் இறைச்சிக்கும் நல்ல விலை. தரை முழுவதும் வளை. கொல்ஃப் ஆடுபவர்களுக்கும் முயற்காரருக்கும் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 1821இல் பக்கத்து நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் என்பவர் நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கு விட்டபடியால் தப்பியது. 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் நிலம் மறுபடியும் ஊருக்கு வந்து சேர்ந்தது. விற்றதையே திரும்ப வாங்குவது நமது தொழிலில் அடிக்கடி பார்க்கிற காட்சி!

சீப் நிலத்தை வாங்கிய அதே 1821இல்தான் அந்த ஊரில் டொம் மொறிஸ் பிறந்தார். பந்து செய்யும் அலன் றொபேட்சனிடம் தொழில் பழகினார். அந்தக் காலத்துப் பந்து, தோலுக்குள் இறகை அடைத்துச் செய்வது. விலை கூட. 1848 அளவில் மலாயாக் காடுகளில் கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்து வந்தது. மலிவு. இந்தப் பந்தினால் எசமானுக்கும் டொமுக்கும் மனத்தாங்கல் வந்து, 1851இல் டொம் மேற்குக் கரையில் உள்ள பிறெஸ்ட்விக் மைதானத்துக்கு வேலைக்குப் போனார்.

பந்து மலிந்தது. 1852இல் சென்ட் அன்ட்ரூஸுக்கு ரயிலும் வந்தது. ஆட வருபவர்கள் பெருகினார்கள். ஆடும் முயலும் மேய்ந்து காப்பாற்றிய தரை, இத்தனை சப்பாத்துகளைத் தாங்குமா? தேய்மானம் என்பது என்னைப் பொறுத்தவரை ஏட்டில் எழுதுகிற எண். அங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம். கிரீன்கள் மொட்டையாகிக்கொண்டு வந்தன.

1864இல் டொமைத் திரும்ப அழைத்தார்கள். வருடச் சம்பளம் 50 பவுண். பராமரிப்புச் செலவுக்கு 20 பவுண். ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு சவள். அந்தக் காலத்தில் அகில உலகப் புகழ்பெற்ற மைதானம் ஒன்றின் முழு மூலதனமும் இவ்வளவுதான்.

டொமின் மருந்து மணல். பிறெஸ்ட்விக்கில் தவறுதலாக மணல் கொட்டுப்பட்ட இடத்தில் புல் நன்றாக வளர்ந்ததைக் கண்டு கற்றுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சென்ட் அன்ட்ரூஸில் உதவியாளரைக் காணும் போதெல்லாம் இன்னும் மணல் போடச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். பற்றைகளை வெட்டி ஆடுதரையை அகலமாக்கினார். பந்தை முதலில் அடிப்பதற்குத் தனி இடம் ஒதுக்கினார். அதுவரை குழிக்குப் பக்கத்திலேயே நின்று அடுத்த அடியைத் தொடங்கியதால் கிரீன் கிழிந்துகொண்டிருந்தது.

அவர் காலத்தில் மைதானத்தை இரு திசையிலும் ஆடினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விடயம். ஒரு வாரம் இடஞ்சுழி, மறுவாரம் வலஞ்சுழி. இதனால் ஒரே இடத்தில் அடி விழாது. ஒரு பக்கம் மிதிபடும்போது மறுபக்கம் ஆறும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே இல்லை. கனவான்களுக்கு ஓய்வு தேவையில்லாவிட்டாலும் தரைக்குத் தேவை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

இதற்கிடையில் அவர் பட்ட துன்பமும் உண்டு. அவரைப் போலவே பெரிய ஆட்டக்காரரான மகன் டொமி, 1875 நத்தார் தினத்தன்று 24 வயதில் இறந்து போனார். தகப்பன் அதன் பிறகும் ஏறக்குறைய முப்பது வருடம், 1903 வரை, அதே தரையில் வேலை செய்தார். 1908இல் காலமானார்.

நான் சென்ட் அன்ட்ரூஸுக்குப் போனது ஒரு மாரிகால ஞாயிறு. பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லை. பெரிய போட்டிகள் தவிர்ந்த ஞாயிறுகளில் இன்றும் அப்படித்தான். ஊர்ச்சனம் நாய்களோடும் குழந்தை வண்டிலோடும் நடுத்தரையில் நடந்து திரிந்தார்கள். அங்கே அப்போது மொத்தம் 112 மணற்குழிகள் இருந்தன. அவற்றின் சுவர்களைப் புற்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுகிறார்கள். வெயிலும் காற்றும் சுவரை உலர்த்திச் சரித்துவிடுவதால், திருப்பிக் கட்டுகிற வேலை மாரியில்தான் நடக்கும். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை ஆடுபவர்கள் சிறிய செயற்கைப் பாய் ஒன்றைக் கையோடு கொண்டு திரிந்து, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். குளிரில் புல் வளராது. அப்போது பெயர்ந்தது வசந்தம் வரை அப்படியே கிடக்கும். உறைபனி படிந்த காலையில் கிரீனில் கால் வைக்கவும் கூடாது. பனி உடையும்போது புல்லின் உயிரணுவும் உடைந்து, காலடி கறுப்பாகத் தெரியும். இதை எங்கள் கழகத்துப் பெரியவர் எனக்கு ஏற்கனவே சொல்லியிருந்தார், நான் ஒரு காலையில் தெரியாமல் கிரீனைக் கடந்து போனபிறகு.

திரும்பி வந்து அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் மணலைத் திரும்பச் சேர்த்தேன். அந்தப் படையை முழுவதுமாகச் சரியாக்க நான்கு இலையுதிர் காலம் எடுத்தது. துளையிடும் இயந்திர வாடகையையும் மேலதிக மணலையும் கூட்டிப் பார்த்தேன். நான் மிச்சம் பிடித்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்தத் தாளைக் குழுவின் முன் நானே வாசித்தேன். பெரியவர் பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கூட்டம் முடிய, தேநீர் ஊற்றித் தந்து, சீனி எத்தனை கரண்டி என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் வேறொரு வரலாற்றோடு சந்திப்போம்.