வெடித்த உதட்டுக்கு ஊசி தீர்வா? லிப் ஃபில்லர் போடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

லிப் பாம் தடவித் தடவி அலுத்துப்போனவர்கள் பலர் இப்போது ஊசி பற்றி விசாரிக்கிறார்கள். 'லிப் பூஸ்டர்', 'லிப் ஹைட்ரேஷன்' என்ற பெயர்களில் அழகு கிளினிக்குகளில் போடப்படும் இந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலம். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். தண்ணீரைப் பிடித்து வைக்கும் இந்தப் பொருள் நம் தோலிலேயே இருக்கிறது. அதை ஜெல்லாக்கி உதட்டுக்குள் செலுத்துகிறார்கள். சில மாதங்களில் உடலே அதைக் கரைத்துவிடும்.

உதடு மட்டும் ஏன் சீக்கிரம் வறண்டு போகுது? அங்கே தோல் ரொம்ப மெல்லியது. வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் கிட்டத்தட்ட இல்லை. நாக்கால் நனைத்தால் வறட்சி இன்னும் கூடும்.

சிக்கல் என்னவென்றால், ஜெல் போவது உள்ளே; வெடிப்பு இருப்பது மேலே. ஊசி போட்டால் உதடு நிரம்பி, கோடுகள் மங்கி, மென்மையாகத் தெரியலாம். ஆனால் வறட்சிக்குக் காரணம் முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையாக இருக்கலாம். இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைபாடோ, டூத்பேஸ்ட், லிப்ஸ்டிக் அலர்ஜியோகூட இருக்கலாம். இதில் எதையும் ஊசி சரிசெய்யாது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2011-ல் ரெஸ்டிலேன் ஃபில்லரை உதட்டில் போட அனுமதித்ததும் உதட்டைப் பெரிதாக்கத்தான், அதுவும் 21 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும். வறட்சிக்கு அல்ல.

வீக்கம், ரத்தக்கட்டு சில நாளில் போய்விடும். ஏற்கெனவே உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் வந்தவர்களுக்கு அது திரும்பலாம் என்பதால் முன்பே டாக்டரிடம் சொல்லணும். உண்மையான ஆபத்து, ஜெல் ரத்தக்குழாயை அடைப்பது. உதடு வெளிறி, கடுமையாக வலித்தால் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போகணும். ஜெல்லைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. அது கையிருப்பில் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போடாமல் இருப்பதே நல்லது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் 'ஹயலூரான் பேனா' வேண்டவே வேண்டாம் என்று எஃப்.டி.ஏ 2021-லேயே எச்சரித்துவிட்டது.

வெயிலில் அதிகம் வேலை செய்பவர்களுக்குக் கீழுதட்டில் செதில் செதிலாக உரிந்து, வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அது வெறும் வறட்சி இல்லாமலும் இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடிய வெயில் பாதிப்பாக இருக்க வாய்ப்புண்டு. முதலில் தோல் மருத்துவரைப் பாருங்க.

மற்றவர்கள் மென்தால், கற்பூரம், வாசனை சேர்த்த லிப் பாமை நிறுத்திவிட்டு, சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை அடிக்கடி தடவிப் பார்க்கலாம். ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் கெட்டியாகவே தடவலாம்.