தேயிலை இலைச்சுருட்டி

தேயிலை இலைச்சுருட்டி (அறிவியற் பெயர்: கலோப்டிலியா தெய்வோரா) நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மிகச் சிறிய அந்துப்பூச்சி. இறக்கை விரிந்த அகலம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். முன்னிறக்கை ஊதா மினுமினுப்புள்ள பழுப்பு. அதன் முன்விளிம்பில் மஞ்சள் திட்டு ஒன்று முக்கோணமாகத் தெரியும். பின்னிறக்கை சாம்பல் நிறம், மிகக் குறுகியது, ஓரத்தில் நீண்ட மயிர். உட்காரும்போது முன்கால்களை ஊன்றித் தலையை நிமிர்த்தி, இறக்கை நுனி இலையில் படச் சாய்ந்திருக்கும். இவ்வளவு அடையாளம் இருந்தும் தோட்டத்தில் பூச்சியைக் கண்டவர் குறைவு. சுருண்ட இலையைக் காணாதவர் இல்லை.

இதற்கு 1891இல் பெயரிட்டவர் இங்கிலாந்தின் வால்சிங்கம் பிரபு. நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஜார்ஜ் ஹாம்ப்சன் இம்மாவட்டத்தின் அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 1892 முதல் 1896 வரை அவர் இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். அவற்றில் இத்தகைய நுண்பூச்சிக் குடும்பங்களுக்கு இடமில்லை. தேயிலைக்காரர் எழுதிய பெருநூலில் தேயிலைப் பூச்சி விடுபட்டது வேடிக்கைதான்.

இலங்கை, தென்னிந்தியா, இந்தோனேசியா, வியட்நாம், சீனா, தைவான், ஜப்பான் எனத் தேயிலை விளையும் நாடுகளில் இது பரவியுள்ளது. தேயிலையும் அதன் இனமான கேமலியாச் செடிகளுமே இதன் உணவு. நீலகிரிச் சோலைகளில் கேமலியா இயற்கையாக வளர்வதில்லை. கேத்தியில் 1835 வாக்கில்தான் தேயிலை நட்டுப் பார்த்தார்கள். ஆகவே பூச்சியும் செடியின் பின்னால் வந்தேறியது என்று கருத இடமுண்டு.

பெண்பூச்சி இளந்துளிரின் அடிப்புறத்தில் முட்டையிடும். பொரிந்த புழு முதலில் இலைத்தோலுக்குள் புகுந்து அரித்துச் செல்லும். வெளிறிய கோடு ஒன்று தெரியும். அடுத்து வெளியே வந்து இலை விளிம்பை மடித்து ஒட்டும். வளர்ந்ததும் இலை நுனியிலிருந்து காம்பை நோக்கிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, உள்ளிருந்தே தின்னும். எச்சமெல்லாம் அந்தச் சுருளுக்குள்ளேயே தங்கும். அத்தகைய கொழுந்து ஆலைக்குப் போனால் தூளின் தரம் கெடுவதால், தின்ற இலையைவிட எச்சத்தால் வரும் நட்டமே பெரிது. கவ்வாத்து முடிந்து புதுத்துளிர் விடும் தோட்டங்களில் தொல்லை கூடுதல். தவறாமல் கொழுந்து பறித்தால் முட்டையும் இளம்புழுவும் கூடையோடு போய்விடும். முற்றிய புழு மட்டும் சுருளை விட்டு வெளியேறி, பறிப்பவர் தொடாத முற்றிய இலையில் மெல்லிய பட்டுப்படலம் நெய்து கூட்டுப்புழுவாகும்.