மொத்தமாகப் போட்ட மார்க்

குற்றாலத்தில் சாரல் கட்டும் நாட்களும் பொறியியல் கலந்தாய்வுக்குப் பிள்ளைகள் ஓடும் நாட்களும் ஒன்றாகத்தான் வரும். தென்காசிப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். அந்த நாட்களில் அருவியில் குளித்ததைவிட, பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகள் நனையாமல் பாலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்ததுதான் அதிகம்.

2000-களின் தொடக்கத்தில் ஒரு பையன். வாலிபாலில் அவன் எழும்பி அடித்தால் எதிர்ப்பக்கம் கை வைக்க ஆள் கிடையாது. அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில், விளையாட்டு ஒதுக்கீட்டுக்கென்று அரசு விரைவுப் பேருந்து ஏறிச் சென்னை போனான். மூன்றாம் நாள் வந்து நின்றான். "சர்டிபிகேட்டு செல்லாதுன்னுட்டாவ சார்." போட்டி நிஜம், அவன் ஆடியதும் நிஜம். நடத்திய சங்கத்துக்குத்தான் அங்கீகாரம் இல்லை. முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியவன் நான்.

விளையாட்டைக் காட்டிக் கல்லூரிக்குள் நுழைவது புதிய சங்கதி இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு உண்டு. அதற்கு 75 மார்க். விளையாட்டு அல்லது என்.சி.சி., சேவை, உடல் திடம், பொதுத் திறமை, நாட்டம் என்று ஐந்து தலைப்பு. 1970-ல் பெரியகருப்பன் என்ற மாணவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, தலைப்புவாரியாகப் பிரிக்காமல் ஆளுக்கு ஒரே எண்ணாக மொத்தமாகப் போட்டிருந்தது தெரியவந்தது. சட்டவிரோதம் என்றது கோர்ட்டு. ஓடிய பையனுக்கு எத்தனை, நாவன்மை உள்ள பையனுக்கு எத்தனை என்று அந்த எண்ணைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

இன்றைய விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த மர்மம் இல்லை. ஆடிய போட்டியின் தரத்தைப் பார்த்துச் சான்றிதழுக்குப் புள்ளி. பொறியியலில் 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் 7. அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளிலோ, பயிற்சியாளர் கைகாட்டினால் பாதிக் கதவு திறந்துவிடும். 2019-ல் பிடிபட்ட ரிக் சிங்கர் என்ற தரகர் அந்தக் கையைத்தான் விலைக்கு வாங்கினார். படகுப் போட்டியே தெரியாத பிள்ளைகளைத் துடுப்பு எந்திரத்தில் உட்காரவைத்துப் படம் பிடித்து அனுப்பச் சொன்னவர். அதற்கு நம் புள்ளிக் கணக்கு எவ்வளவோ தேவலை.

ஆனால் புள்ளிக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு. எத்தனை பேரோடு மோதி ஜெயித்தாய் என்று அது கேட்பதில்லை. கபடிக்கும் வாலிபாலுக்கும் எங்கள் பக்கம் ஊருக்கு நாலு டீம். விலை உயர்ந்த சாமான் வேண்டிய ஆட்டங்களில் களத்துக்கு வருகிறவர்களே சொற்பம். காகிதத்தில் இரண்டுமே 'மாநில அளவு'தான். இதைச் சொன்னால் பி.டி. வாத்தியார் வயிற்றெரிச்சல் என்பார்கள். இருக்கட்டும்.

வெளி மாநிலத்திலும் கதவு திறக்கிறது. சண்டிகரின் பி.இ.சி. பொறியியல் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் 75 சதவீத மார்க் கேட்ட விதியை 2023-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நல்ல தீர்ப்பு. அடுத்த வருஷம் சென்னை ஐ.ஐ.டி., இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் விளையாட்டுக்காரருக்கு 2 கூடுதல் இடம் வைத்தது. அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது குற்றாலத்துத் தேனருவி மாதிரி: மேலே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும், ஏறிப் பார்த்தவர் குறைவு.

என் கண்ணுக்கு, எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பைக் கூட்டியது 2019 நவம்பர் 22. அன்றுதான் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அதுவரை பாளையங்கோட்டைக்குப் போய், நெல்லைப் பள்ளிகளோடு முட்டி, மாவட்ட டீமின் 12 பேரில் ஒருவனாக வர வேண்டும். இப்போது தென்காசிக்கென்றே ஒரு 12.

வீட்டில் ஆடுகிற பிள்ளை இருந்தால், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன்னால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பிளஸ் டூ வரைக்கும் பொறுத்திருக்க வேண்டாம்.