கெட்டுப்போன சிறுநீரும் கெட்டுப்போன பெயரும்

ஒரு லேப் ரிப்போர்ட் ஒருத்தரோட வாழ்க்கையை எந்த அளவுக்குப் புரட்டிப் போடும்? இன்னிக்கு ஒரு உண்மைக் கதை சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க 👇

டயான் மோடால். இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த 800 மீட்டர் ஓட்ட வீராங்கனை. 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் தங்கம். 1993 உலக சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம்.

1994 ஆகஸ்ட். கனடாவின் விக்டோரியா நகரில் அடுத்த காமன்வெல்த். தங்கத்தைத் தக்கவைக்கப் போன இடத்தில் அவருக்கு ஒரு தகவல் வருது: "ஜூன் மாதம் லிஸ்பனில் கொடுத்த சிறுநீர் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம்." ஓடாமலே ஊர் திரும்பினார்.

எவ்வளவு அதிகம்? இங்கே கொஞ்சம் மருத்துவம்.

நம்ம எல்லார் சிறுநீரிலும் டெஸ்டோஸ்டிரோன் இருக்கும், அதோட உறவுக்காரரான எபிடெஸ்டோஸ்டிரோனும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். வெளியே இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் முதலாவது மட்டும் எகிறும். அதனால இந்த விகிதத்தை அளப்பாங்க. அன்றைய எல்லை 6:1. டயானுக்கு வந்தது 42:1!

"நான் எதுவும் எடுக்கல"ன்னு டயான் சொன்னார். யார் நம்புவா? 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் சிக்கி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. மாட்டுறவங்க எல்லாரும் முதல்ல சொல்ற வசனமும் அதுதானே? பிரிட்டிஷ் தடகளச் சம்மேளனம் 4 ஆண்டு தடை விதித்தது.

ஆனா அந்த ரிப்போர்ட்டிலேயே இன்னொரு எண் இருந்தது. சிறுநீரின் pH கிட்டத்தட்ட 9. சாதாரணமா 5 முதல் 8-க்குள் இருக்கும். 9-ஐ நெருங்கினால் எந்த மருத்துவ மாணவனும் முதல்ல கேட்கிற கேள்வி: "சாம்பிள் பழசா?"

ஆமாம், அதுதான் நடந்திருந்தது. லிஸ்பனின் ஜூன் வெயிலில் அந்த மாதிரி ஃபிரிட்ஜில் வைக்கப்படாமல் கிடந்தது. பாக்டீரியா பெருகியது. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கியது. அதனால்தான் pH ஏறியது. அதே பாக்டீரியா சிறுநீரில் உள்ள மற்ற ஸ்டீராய்டுகளை டெஸ்டோஸ்டிரோனாக மாற்ற முடியுமா?

முடியும்னு சோதனை செய்து காட்டினார் மான்செஸ்டர் விஞ்ஞானி சைமன் காஸ்கெல். அதாவது, உடம்புக்குள்ளே இல்லாத டெஸ்டோஸ்டிரோன் பாட்டிலுக்குள்ளே உருவாகலாம்!

1995 ஜூலையில் மேல்முறையீட்டுக் குழு தடையை நீக்கியது. 1996-ல் சர்வதேசத் தடகளச் சம்மேளனமும் அதை ஏற்றது.

சுபம்னு நினைக்காதீங்க. பெயர் திரும்பியது, பணம் திரும்பல. வழக்குச் செலவு குடும்பத்தையே கரைத்தது. இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு 2001 வரை இழுத்து, கடைசியில் தோற்றார். எதிர்த்தரப்புச் சம்மேளனமோ 1997-லேயே நிதி நெருக்கடியில் மூழ்கியது. இந்த வழக்குச் செலவும் அதற்கு ஒரு காரணம். ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காததற்கு இரண்டு பக்கமும் கொடுத்த விலை இது.

ஆனாலும் அவர் ஓடுவதை நிறுத்தல. நடுவில் ஒரு குழந்தைக்குத் தாயும் ஆனார். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்தில் அதே 800 மீட்டரில் வெண்கலம். தங்கத்தைவிட எனக்கு இந்த வெண்கலம்தான் பெருசாத் தெரியுது.

ஊக்கமருந்துச் சோதனையே பொய்னு சொல்ல வரல. அது கண்டிப்பா வேணும். அது இல்லாட்டி நேர்மையா ஓடுறவங்களுக்கு விளையாட்டே கிடையாது. ஆனா சோதனை எவ்வளவு கடுமையோ, மாதிரியைப் பாதுகாக்கிறதும் அவ்வளவு கடுமையா இருக்கணும்.

நமக்கு இதில் என்ன பாடம்?

சிறுநீர்ப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்து மாதிரி கொண்டு போறீங்களா? ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்திடுங்க. முடியலன்னா மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைங்க. காலையில் பிடித்ததை வண்டியில் வைத்து மதியம் கொடுத்தால், இல்லாத கிருமித்தொற்று இருக்கிற மாதிரி ரிப்போர்ட் வரலாம், தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் வரலாம்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் ஒரு எண் விநோதமா இருந்தா பதறாதீங்க. மறுபடி ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்: காகிதத்துக்கு வைத்தியம் பார்க்காதே, எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்.