பெயரிடும் முன் பார்த்தல்: வானத்து ஒளிகளும் படைத்துறை ஆய்வும்



செமினியில் அந்தி வேளையில் வானை நோக்கும் மாணவன் ஒருவன், அசையாது நிற்கும் ஓர் ஒளியைக் கைப்பேசியில் படமெடுத்து, 'பறக்கும் தட்டு' என்று நண்பர்க்கு அனுப்புவதாகக் கொள்வோம். அது சிப்பாங் நோக்கி வரும் வானூர்தியின் விளக்காகவும் இருக்கலாம். நம்மை நோக்கி நேரே வரும் விளக்கு சிறிது நேரம் நிலைத்து நிற்பதுபோலவே தோன்றும். அம்மாணவன் ஒளியைக் கண்டான், தட்டைக் காணவில்லை. தட்டு என்பது அவன் கற்ற சொல்.

அச்சொல்லின் பிறப்பே ஒரு பிழை. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க விமானி கென்னத் அர்னால்டு ஒன்பது பொருள்களைக் கண்டார். நீர்ப்பரப்பின்மேல் எறிந்த தட்டுப்போல் அவை தத்திச் சென்றன என அவர் இயக்கத்திற்கே உவமை கூறினார். செய்தித்தாள்களோ அவ்வுவமையை வடிவமாக்கிவிட்டன.

மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை, அறிவில் நேரும் பிழைகளுள் ஐயம், திரியக்கோடல், தேராது தெளிதல் என்பவற்றைத் தனித்தனியே வகுக்கிறது. தொலைவில் நிற்பது கட்டையா மனிதனா எனத் தடுமாறுதல் ஐயம். ஆராயாமல் கட்டையை மனிதனென்றே முடிவு கட்டுதல் தேராது தெளிதல். ஐயமும் குறையே, ஆயினும் அது ஆராய்ச்சிக்கு வாயில் திறக்கும். தேராத தெளிவு அவ்வாயிலை அடைத்துவிடும்.

படச்சுருள் இருந்தால் ஐயம் நீங்கிவிடுமா? 1952 ஜூலை 2 அன்று யூட்டா மாநிலத்து டிரெமன்டன் அருகே, கடற்படைப் புகைப்பட வல்லுநர் டெல்பர்ட் நியூஹவுஸ் வானில் நகர்ந்த ஒளிப்புள்ளிகளை 16 மி.மீ. சுருளில் பதிந்தார். கடற்படை ஆய்வகம் ஏறத்தாழ 1,000 மணி நேரம் உழைத்து, அவை பறவைகள் அல்ல என்றது. 1953 ஜனவரியில் கூடிய ராபர்ட்சன் குழுவோ, அவை கடற்காகங்களாக இருக்கலாம் என்றது. சுருள் ஒன்று, முடிவு இரண்டு. காரணம் எளிது: படத்தில் தொலைவு பதிவாவதில்லை. தொலைவு தெரியாதபோது பருமனும் விரைவும் கணக்கிற்கு அகப்படா. அமெரிக்க வான்படையின் 'புளூ புக்' திட்டம் 1969இல் முடிந்தபோது, 12,618 அறிக்கைகளுள் 701 விளங்காதவையாகவே எஞ்சின. விளங்காதது என்பது வேற்றுலகத்தது என்று பொருள்படாது.

இனி இந்தியாவிற்கு வருவோம். 2012இல் லடாக்கின் சீன எல்லையில் காவல் நின்ற வீரர்கள் இரவு வானில் ஒளிரும் பொருள்களைக் கண்டனர். இதழ்கள் பறக்கும் தட்டு என்றன. படைத்துறை சீன உளவு வானூர்தி என ஐயுற்றது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை 329 காட்சிகள் பதிவாயின. அவற்றுள் 155 எல்லை மீறல்களாகக் கொள்ளப்பட்டன. பின்னர்ப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் உதவிக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் நாடியது பெயரை அன்று. கண்ட நேரத்தையும், தொடுவானத்திலிருந்து பொருள் நின்ற நிலையையும். அவ்விரண்டும் கிட்டியதும் விடை கிடைத்தது: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. 4,000 மீட்டருக்கும் உயர்ந்த அவ்விடத்து மெல்லிய காற்றில் கோள்கள் பேரொளி வீசும்.

இதனை நகைத்துக் கடத்தல் தகாது. 2013 ஏப்ரலில் அதே லடாக்கில், தெப்சாங் சமவெளியில், இரு நாட்டுப் படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே முகாமிட்டு நின்றன. அத்தகைய எல்லையில் விடிவெள்ளியை உளவு வானூர்தி எனத் தேராது தெளிந்திருந்தால், விலை உயிர்களாய் இருந்திருக்கும். வீரர்கள் கண்டதை மறைக்காது பதிந்தனர். மேலோர் அறிந்தாரிடம் கேட்டனர். ஐயம் அங்கே நாட்டைக் காத்தது.

ஆசிரியர்களே, நாளை ஒரு மாணவன் தான் எடுத்த படத்தைக் காட்டினால், 'இது என்ன?' என்று தொடங்காதீர்கள். 'எப்போது கண்டாய்? எத்திசையில்? எவ்வளவு உயரத்தில்?' என்று கேளுங்கள். பெயர் பிறகு வரட்டும். வராவிட்டால், 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதக் கற்பியுங்கள். அதுவும் நல்ல தமிழே.