முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே

பழைய தொலைபேசிக் காலத்தில், அழைப்பது யாரென்று போனை எடுப்பவருக்குத்தான் தெரியாது. யார் கணக்கில் கட்டணத்தை ஏற்றுவது என்று தொலைபேசி இணைப்பகத்துக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அழைப்பவரின் எண்ணை எதிர்முனைக்கும் அனுப்பினால் என்ன?

1968இல் ஏதென்ஸில் தகவல்தொடர்புப் பொறியாளராக இருந்த தியடோர் பராஸ்கேவாகோஸ் இந்த வேலையில் இறங்கினார். 1976இல் ஜப்பானில் கசுவோ ஹஷிமோட்டோ எண்ணைக் காட்டும் ஒரு மாதிரிக் கருவியைச் செய்தார். 1984இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் பெல்சவுத் நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. அமெரிக்க முறையில், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையே கிடைக்கும் சில நொடி அமைதியில் எண் வந்து சேர்ந்துவிடும். அழகான யோசனை!

ஆனால் எதிர்ப்பு கிளம்பியது. கணவனின் அடிக்குத் தப்பிக் காப்பகத்தில் ஒளிந்திருக்கும் பெண் வீட்டுக்குப் பேசினால், அவள் இருக்குமிடத்தை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும் என்றார்கள். முற்றிலும் நியாயமான பயம் அது. இந்தச் சேவையை நடத்துவதே ஒட்டுக்கேட்புச் சட்டத்துக்கு விரோதம் என்று பென்சில்வேனியா நீதிமன்றம் 1990இல் சொன்னது. எண்ணை மறைக்க, நட்சத்திரக் குறியோடு 67ஐ அழுத்தும் வழி அமெரிக்காவில் பரவியது இந்தப் போராட்டங்களால்தான். தொந்தரவு கொடுப்பவனும் அதையே அழுத்துவான் என்றாலும், அந்த வழி இருந்தே ஆகவேண்டும் என்பேன்.

செல்போன் வந்ததும் எண் திரையில் தெரிவது சாதாரணமாகிவிட்டது. பெயர்தான் தெரியவில்லை. 2009இல் ஸ்டாக்ஹோமில் ஆலன் மமேதி, நமி சரிங்கலம் என்ற இரு நண்பர்கள், முதலில் பிளாக்பெர்ரி போனுக்காக, பெயரையும் காட்டும் ட்ரூகாலர் செயலியை உருவாக்கினார்கள். பயன்படுத்துவோர் பகிர்ந்த தொடர்புப் பட்டியல்களும், தொல்லை அழைப்பு என்று அவர்கள் குறித்தவையும் சேர்ந்து அது வளர்ந்தது. அதற்கு மிகப் பெரிய சந்தை இந்தியாதான். யாரோ ஒருவர் தன் போனில் நம்மை எப்படிப் பதிந்திருந்தாரோ, அந்தப் பெயரிலேயே முன்பின் தெரியாதவர் திரையிலும் நாம் தோன்றலாம். நம்மிடம் யாரும் கேட்பதில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிம் வாங்கும்போது கொடுத்த விண்ணப்பத்தில் உள்ள பெயரையே தொலைபேசி நிறுவனங்கள் காட்டவேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. ஆவணத்தோடு சரிபார்த்த பெயர் என்பதால் இதுவே மேல். ஆனால் நம் வீடுகளில் பாதி சிம் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ அல்லவா இருக்கிறது? மகள் அழைத்தாலும் அப்பா பெயர்தான் வரும். பெயர் மாற்றித் தரும் நடைமுறையையும் சேர்த்தே எளிதாக்கவேண்டும்.